துக்கத்தைப் பேசுவதும் தாங்குவதும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டில் ஒரு சாவு விழுந்த பிறகு எழும் கேள்விகளில் பாதி பேச்சைப் பற்றியவை. அம்மா ஏன் அதையே சொல்லிக்கொண்டிருக்கிறார், தம்பி ஏன் வாயே திறப்பதில்லை, துக்கம் கேட்கப் போனால் என்ன சொல்வது, குழந்தையிடம் எப்படிச் சொல்வது. உளவியல் ஆய்வாளர்கள் கடந்த நாற்பது ஆண்டுகளில் இவற்றை நிறையவே துருவிப் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் கண்டதையும் நம் சாவு வீடுகளில் நடப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இந்தப் பதில்களை எழுதியிருக்கிறேன். இதில் எனக்கு ஒரு கட்சி உண்டு, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துக்கப்படுபவர் எவ்வளவு பேசுகிறார் என்பதை எல்லோரும் கவனிக்கிறோம். எதிரே உட்கார்ந்திருப்பவர் எப்படிக் கேட்கிறார் என்பதை யாரும் கவனிப்பதில்லை.

மனதில் இருப்பதைக் கொட்டிவிட்டால் பாரம் குறையும் என்கிறார்களே, உண்மையா?

பாதி உண்மை. துக்கம் என்பது செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலை, அதைச் செய்தால்தான் இறந்தவர் மேலுள்ள பற்று அறும் என்ற எண்ணம் உளப்பகுப்பாய்வைத் தோற்றுவித்த ஃப்ராய்ட் 1917-ல் வெளியிட்ட ஒரு கட்டுரையிலிருந்து பரவியது. ஆனால் அவருடைய மகள் சோஃபி 1920-ல் ஃப்ளூ காய்ச்சலில் இறந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, மகளின் பிறந்தநாளன்று, நண்பர் பின்ஸ்வாங்கருக்கு ஃப்ராய்ட் ஒரு கடிதம் எழுதினார். அந்த இடத்தை எதுவுமே முழுதாக நிரப்பாது, அப்படி இருப்பதுதான் சரி என்பது அதன் சாரம். கட்டுரை சொன்னதைவிட அந்தக் கடிதம் சொன்னதே துக்கத்துக்கு நெருக்கமானது என்று நினைக்கிறேன்.

பெல்ஜியத்தைச் சேர்ந்த பெர்னார் ரிமே, மனதை உலுக்கிய எதையும் மனிதர்கள் யாரிடமாவது சொல்லிவிடவே செய்கிறார்கள் என்று பல நாடுகளில் காட்டியிருக்கிறார். சொன்னவர்கள் சொன்னது நல்லதாகப் போயிற்று என்றும் நம்புகிறார்கள். ஆனால் சொல்லிவிட்டதாலேயே அந்த நினைவின் வலி குறைந்துவிடுவதில்லை. பேச்சினால் கிடைப்பது வேறு: நெருக்கம், தான் தனியாக இல்லை என்ற உணர்வு. நெதர்லாந்தில் மார்கரெட் ஸ்ட்ரோபும் உடன் ஆய்வாளர்களும் கணவனையோ மனைவியையோ இழந்தவர்களைக் கவனித்து 2002-ல் வெளியிட்ட முடிவும் இதையொட்டியதே. அதிகம் பேசியவர்கள் சீக்கிரம் தேறினார்கள் என்பதற்கு அவர்களுக்குச் சான்று கிடைக்கவில்லை.

அப்படியானால் பேசியும் பயனில்லையா?

பயன் உண்டு. பேச்சு நகர்கிறதா என்பதைப் பொறுத்தது.

அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1986-ல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்களை நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், தங்கள் வாழ்வின் மிகக் கசப்பான அனுபவத்தைப் பற்றி எழுதச் சொன்னார். நடந்ததையும் அப்போது உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் மருத்துவரிடம் போனது குறைந்தது. பிறகு அவரும் உடன் ஆய்வாளர்களும் இப்படி எழுதப்பட்டவற்றின் சொற்களையே எண்ணிப் பார்த்தார்கள். முதல் நாளே எல்லாம் தெளிவாக எழுதியவர்களுக்குப் பெரிய பலன் இல்லை. முதல் நாள் சிதறலாகத் தொடங்கி, நாள் போகப்போக ‘அதனால்’, ‘ஏனென்றால்’, ‘இப்போதுதான் புரிகிறது’ என்ற வகைச் சொற்கள் கூடிக்கொண்டே போனவர்கள்தான் அதிகம் தேறினார்கள். கதை உருவாகிக்கொண்டிருப்பதன் அடையாளம் அது.

அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது. அம்மா அன்றைக்கு நடந்ததையே திரும்பத் திரும்பச் சொல்கிறார். இது நல்லதா, கெட்டதா?

கொஞ்சம் காது கொடுத்துக் கேட்டால் நீங்களே கண்டுபிடிக்கலாம். முதல் வாரம் அம்மா சொன்னது: ‘காபி கேட்டாரு, கொண்டு வர்றதுக்குள்ள சாஞ்சிட்டாரு.’ இப்போது அதோடு ‘முந்தின நாளே நெஞ்சு எரியுதுன்னாரு, எண்ணெய்ப் பலகாரம் தின்னதுன்னு நெனச்சோம்’ என்றோ, ‘ஆஸ்பத்திரின்னாலே வர மாட்டாரு, இழுத்துட்டா போக முடியும்’ என்றோ ஏதாவது சேர்ந்திருக்கிறதா? புது ஆள், புது விவரம், சின்ன சமாதானம், கோபம், எது வந்தாலும் சரி. கேட்பதற்கு ஒரே கதை போலிருந்தாலும் அவர் அதை வைத்து ஏதோ செய்துகொண்டிருக்கிறார். விடுங்கள், சொல்லட்டும்.

‘எனக்கு மட்டும் ஏன் இப்படி’, ‘நான் என்ன பாவம் செஞ்சேன்’ என்று பதில் இல்லாத கேள்வியிலேயே மாதக்கணக்கில் நின்றுவிட்டால் அது வேறு. சூசன் நோலன்-ஹோக்செமா, சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் உறவினரை இழந்தவர்களை ஆராய்ந்து 1994-ல் வெளியிட்டது இதுதான்: முதல் மாதத்தில் தன் வேதனையையே உள்ளுக்குள் சுழற்றிக்கொண்டிருந்தவர்கள் ஆறாம் மாதத்தில் அதிக மனச்சோர்வில் இருந்தார்கள். அவரே பிறகு கண்ட இன்னொன்று என்னை மிகவும் பாதித்தது. இப்படிச் சுழல்பவர்கள்தான் மற்றவர்களை அதிகம் தேடிப் போகிறார்கள், நல்ல துணை கிடைத்தால் மற்றவர்களைவிட அதிகம் பலனும் அடைகிறார்கள். ஆனால் அவர்களுக்கே உறவுகளோடு உரசலும் அதிகம். கேட்பவர்கள் சலித்து விலகுகிறார்கள், விலக விலகச் சுழற்சி கூடுகிறது.

அதனால் அம்மாவிடம் ‘போதும், விடும்மா’ என்பதற்குப் பதிலாகக் கதைக்குள்ளேயே ஒரு கேள்வி கேளுங்கள். ‘அப்போ நீங்க அடுப்படியில இருந்தீங்களா?’ ‘பக்கத்து வீட்டு மாமா எப்போ வந்தாரு?’ எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் எட்வர்ட் வாட்கின்ஸ் இதே வேறுபாட்டைத்தான் ஆராய்ந்துவருகிறார். ‘ஏன்’ என்ற அந்தரக் கேள்வி சுழற்றும். என்ன நடந்தது, எப்படி நடந்தது என்ற பிடிமானமுள்ள விவரம் ஆளை வெளியே கொண்டுவரும்.

ஒப்பாரி வைப்பது பழைய காலத்து வழக்கம்தானே? அதனால் என்ன நன்மை?

இந்தக் கேள்விக்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும். நகரத்தில் குளிர்பெட்டியைச் சுற்றி எல்லோரும் கிசுகிசுப்பாகப் பேசிக்கொண்டு நிற்கும்போது, கிராமத்திலிருந்து வந்த அத்தை ஒருவர் ஓங்கிக் குரலெடுத்ததும் சிலர் முகம் சுளிப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது தவறான சுளிப்பு.

ஒப்பாரியில் இறந்தவரை நேராக ‘நீ’ என்று கூப்பிட்டுப் பேசுகிறார்கள். அவர் பெருமை வருகிறது, அவர் வாங்கிக் கொடுத்தது வருகிறது, கடைசியாகப் பட்ட பாடு வருகிறது. ‘என்னை விட்டுட்டுப் போக எப்படி மனசு வந்துச்சு’ என்ற கோபமும் வருகிறது. இறந்தவர் மேல் கோபப்படுவது துக்கத்தில் மிகச் சாதாரணம். ஆனால் பேச்சு மொழியில் அதைச் சொன்னால் ‘செத்தவரைப் போய் இப்படிச் சொல்றியே’ என்பார்கள். ராகத்தில் சொன்னால் யாரும் தடுப்பதில்லை. கூடவே, பெண்கள் தோளில் தோள் சேர்த்து வட்டமாக உட்கார்ந்து ஆடி ஆடி அழுகிறார்கள். ஒருவர் நிறுத்தும் இடத்தில் அடுத்தவர் எடுக்கிறார். யாரும் புத்தி சொல்வதில்லை.

தமிழ்நாட்டுக் கிராமங்களில் ஒப்பாரியை ஆராய்ந்த மானிடவியலாளர் இசபெல் கிளார்க்-டெசேயிடம், தாங்கள் அழுவது இறந்தவருக்காக இல்லை, தங்கள் சொந்தக் குறைகளுக்காகத்தான் என்று பாடுகிற பெண்கள் சொல்லியிருக்கிறார்கள். இதைக் கேட்டு ‘அப்போ அது பொய் அழுகையா’ என்று சிலர் கேட்பதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. புருஷன் வீட்டுக் கொடுமையையும், பத்து வருஷத்துக்கு முன் இழந்த பிள்ளையையும், கேட்பாரற்ற வறுமையையும் ஒரு பெண் நாலு பேர் முன்னால் உரக்கச் சொல்ல வேறு எந்த மேடை இருந்தது?

ஒன்றை மறைக்கக் கூடாது. அதே வீட்டில், பத்தாம் நாளோ பதினாறாம் நாளோ, மனைவியை உட்கார வைத்துத் தாலி அறுத்து, வளையலை உடைத்து, இனி நீ நல்ல காரியத்துக்கு ஆகாதவள் என்று ஊர் கூடிச் சொல்லும் வழக்கமும் இருந்தது, பல இடங்களில் இன்னும் இருக்கிறது. அதுவும் துக்கத்தைப் பேசுகிற ஒரு முறைதான். மனதை உடைக்கிற முறை. ஒப்பாரியைக் காப்பாற்ற வேண்டும் என்பவர்கள் இதையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டாம்.

காரியம் முடிந்ததும் யாரும் அவரைப் பற்றிப் பேசுவதே இல்லை. எனக்கு மட்டும் பேச வேண்டும் போலிருக்கிறது. என்னிடம் ஏதாவது கோளாறா?

உங்களிடம் ஒரு கோளாறும் இல்லை. 1989 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் வந்தது. பென்னிபேக்கரும் கென்ட் ஹார்பரும் அதன் பிறகு பல வாரங்களும் மாதங்களும் மக்களிடம் கேட்டுப் பார்த்தார்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எல்லோரும் அதைப் பற்றியே பேசினார்கள். அப்புறம் பேச்சு சட்டென்று குறைந்தது, நினைப்பு மட்டும் குறையவில்லை. தங்கள் கதையைச் சொல்லும் ஆசை மக்களுக்கு இருந்தது, அடுத்தவர் கதையைக் கேட்கும் பொறுமை போய்விட்டது. ‘உங்கள் நிலநடுக்க அனுபவத்தைச் சொல்லாமல் இருப்பதற்கு நன்றி’ என்று அச்சிட்ட டி-ஷர்ட்டுகள்கூட அங்கே தலைகாட்டின. சண்டைகளும் கெட்ட கனவுகளும் கூடியது அந்த மௌனக் காலத்தில்தான்.

நம்மிடம் பதினாறாம் நாள் காரியம், ஈழத்தில் எட்டுச்செலவும் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும். அதுவரை வீடு நிறைய ஆட்கள். அதன் பிறகு, சரியாகப் பேச்சு தேவைப்படும் நேரத்தில், வீடு காலி. உறவினர்களுக்கு நான் சொல்வது: முதல் நாள் போக முடியவில்லையே என்று வருந்தாதீர்கள், நாற்பதாம் நாள் போங்கள். இரண்டாம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்யுங்கள்.

துக்கம் கேட்கப் போனால் என்ன சொல்லக் கூடாது?

‘அழாதம்மா, ஆக வேண்டியதைப் பாரு.’ ‘கொடுத்து வச்சது அவ்வளவுதான்.’ ‘நல்ல சாவு, படுத்த படுக்கையா கெடக்காம போயிட்டாரு.’ ‘புள்ளைங்களுக்காகவாவது தைரியமா இரு.’ குழந்தையை இழந்தவளிடம் ‘வயசு இருக்கு, இன்னொண்ணு பெத்துக்கலாம்.’

இவை எல்லாம் நல்லெண்ணத்தில் சொல்லப்படுபவை என்று தெரியும். ஆனாலும் ஒவ்வொன்றும் ‘இதோடு நிறுத்து’ என்றுதான் காதில் விழும். ஸ்டீபன் லெப்போரும் உடன் ஆய்வாளர்களும் திடீரெனக் கைக்குழந்தையை இழந்த அமெரிக்கத் தாய்மார்களைப் பதினெட்டு மாதம் தொடர்ந்து 1996-ல் வெளியிட்ட ஆய்வு, இந்தப் பக்கத்தில் நான் சொல்பவற்றிலேயே முக்கியமானது. குழந்தையின் நினைவு அடிக்கடி வந்து அலைக்கழித்த தாய்மார்களில், சுற்றியிருந்தவர்களால் பேச விடாமல் அடக்கப்பட்டவர்களுக்கு மனச்சோர்வு பின்னாளில் கூடியிருந்தது. பேச இடமிருந்தவர்களுக்கு அதே நினைவுகள் அந்தக் கேட்டைச் செய்யவில்லை. நினைவு ஒன்றுதான், கேட்கிற முகம்தான் வேறு.

பிறகு என்னதான் சொல்வது?

நிறையச் சொல்ல வேண்டியதில்லை. பந்தலில் நிற்கும் ஆண்களிடம் இரு கையையும் நீட்டித் தொட்டுவிட்டுப் பேசாமல் உட்காருகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது, ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லாமல் எழுந்து வருகிற வழக்கமும் இருக்கிறது. அந்த மௌனமே போதும். பேசுவதானால் இறந்தவரின் பெயரைச் சொல்லி, உங்களுக்கு மட்டும் தெரிந்த ஒரு சம்பவத்தைச் சொல்லுங்கள். ‘அண்ணன் என் ஃபீஸுக்குப் பணம் கட்டினது வீட்ல யாருக்கும் தெரியாது அண்ணி’ என்று ஒருவர் சொல்வது, அந்த வீட்டுக்கு இதுவரை இல்லாத ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போகிறது.

என் தம்பி அழவும் இல்லை, பேசவும் இல்லை. உள்ளே போட்டு அடைத்துக்கொண்டு பின்னால் வெடித்துவிடுவானா?

வெடித்தே தீருவான் என்று நினைக்க வேண்டாம். இழப்புக்குப் பிறகு கணிசமானவர்கள் பெரிய குலைவு இல்லாமலே வாழ்க்கையைத் தொடர்கிறார்கள் என்பதை ஜார்ஜ் பொனானோ நீண்ட காலமாகக் காட்டிவருகிறார். 2001 செப்டம்பர் 11 தாக்குதலை ஒட்டி அமெரிக்கா முழுக்க ஒரு குழுவினரிடம் உணர்வுகளை எழுதச் சொல்லி வாய்ப்புக் கொடுத்தார்கள். எழுத விரும்பாதவர்கள், எழுதியவர்களைவிட அடுத்த இரண்டு ஆண்டுகளில் நன்றாகவே இருந்தார்கள் என்று மார்க் சீரியும் உடன் ஆய்வாளர்களும் 2008-ல் எழுதினார்கள். பேரிடர் நடந்த உடனே எல்லோரையும் உட்கார வைத்து, நடந்ததை ஒரே அமர்வில் சொல்ல வைக்கும் முறையும் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பலன் இல்லை, சிலருக்குக் கேடுகூட என்று தெரிந்து இப்போது உலக சுகாதார நிறுவனம் அதை வேண்டாம் என்கிறது. சோறு, பாதுகாப்பு, பக்கத்தில் ஆள், பேசினால் கேட்பது, இவ்வளவே முதல் உதவி.

தம்பி சாப்பிடுகிறானா, தூங்குகிறானா, வேலைக்குப் போகிறானா, குடி கூடியிருக்கிறதா என்று பாருங்கள். பேசுகிறானா என்பதை மட்டும் வைத்து அளக்காதீர்கள்.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் இதில் வித்தியாசம் உண்டா?

நெதர்லாந்தில் ஹென்க் ஷுட்டும் உடன் ஆய்வாளர்களும் 1997-ல் வெளியிட்ட ஆய்வு எதிர்பாராத ஒன்றைச் சொன்னது. மனைவியை இழந்து தவித்த ஆண்களுக்கு உணர்வுகளைப் பேச வைக்கும் ஆலோசனையும், கணவனை இழந்த பெண்களுக்கு நடைமுறைச் சிக்கல்களைத் தீர்க்கும் ஆலோசனையும் அதிகம் உதவின. வழக்கமாக யார் எதைச் செய்வார்களோ அதற்கு நேர்மாறு. ‘ஆம்பளைப் பிள்ளை அழலாமா’ என்று சொல்லி வளர்க்கப்பட்டவருக்கு அழ இடம் தேவைப்படுகிறது. வங்கிக் கணக்கும் பட்டாவும் எங்கே இருக்கிறது என்றே சொல்லப்படாமல் வைக்கப்பட்டவளுக்கு அதைத் தெரிந்துகொள்வதே பெரிய ஆறுதல். வாரிசுச் சான்றிதழ் வாங்க ஒரு நாள் கூடப் போய் நிற்பதும் துக்கம் கேட்பதுதான்.

அவரைப் பற்றிப் பேசும்போது சிரிப்பு வந்துவிட்டது. குற்ற உணர்வாக இருக்கிறது.

வேண்டாம். துணையை இழந்து ஆறு மாதம் ஆனவர்களைப் பேட்டி கண்டு, முகத்தைக் கூர்ந்து கவனித்தார்கள் பொனானோவும் டாக்கர் கெல்ட்னரும். பேச்சின் நடுவே மனதாரச் சிரித்தவர்கள் பின்னாளில் துக்கத்தில் குறைவாகவே உழன்றார்கள். சிரியுங்கள்.

தினமும் அவர் போட்டோவிடம் பேசுகிறேன். இது மறுப்பா? ‘ஐந்து கட்டங்களில்’ முதலாவதா?

முதலில் அந்த ஐந்து கட்டங்கள்: மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு. எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-ல் அவற்றைச் சொன்னது, தாங்களே இறந்துகொண்டிருந்த நோயாளிகளுடன் பேசி. உறவினரை இழந்தவர்களை ஆராய்ந்து இல்லை. எல்லோரும் வரிசையாக ஏற வேண்டிய படிகள் என்று அவற்றை எடுத்துக்கொண்டதால் ‘எனக்கு இன்னும் கோபமே வரவில்லையே’ என்று கவலைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். விட்டுவிடுங்கள்.

போட்டோவிடம் பேசுவது உலகெங்கும் சாதாரணம். இறந்தவரோடு உறவு தொடர்வது நோய் அல்ல என்று டென்னிஸ் கிளாஸும் உடனிருந்தவர்களும் 1996-ல் எழுதியதுதான் மேற்கத்திய உளவியலில் திருப்பம். திவசத்தன்று அவருக்குப் பிடித்ததைச் சமைத்துப் படைத்து ‘வந்து சாப்பிட்டுட்டுப் போ’ என்று கூப்பிடுகிற நமக்கு அதில் புதுமை இல்லை.

உடலே கிடைக்கவில்லை, இருக்கிறாரா இல்லையா என்றே தெரியவில்லை. அப்போது எப்படிப் பேசுவது?

இதைவிடக் கடினமான நிலை இல்லை. ‘தெளிவற்ற இழப்பு’ என்று இதைப் பேசியவர் பாலின் பாஸ். 2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்திலிருந்து மட்டக்களப்பு வரை பல வீடுகளுக்கு இது நேர்ந்தது. இலங்கையில் போரின்போதும் அதன் முடிவிலும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார், 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியில் தொடங்கி வீதியோரம் உட்கார்ந்து ‘எங்கட பிள்ளைகள் எங்கே’ என்று கேட்டுவருகிறார்கள். பதில் கிடைக்காமலேயே அவர்களில் பலர் இறந்துவிட்டார்கள். இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாக, காணாமல் போனவர் என்று மட்டும் பதியும் சான்றிதழை 2016-ல் இலங்கைச் சட்டம் அனுமதித்தது. பிள்ளை செத்துவிட்டான் என்று தாயே கையெழுத்துப் போட வேண்டிய கொடுமை அதனால் குறைந்தது. ஆனால் கேள்வி அப்படியே இருக்கிறது.

அந்தத் தாய்மாரிடம் ‘ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று சொல்ல யாருக்கும் உரிமையில்லை. பாஸ் சொல்வதும் அதுவே: ‘இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம்’ என்ற இரண்டையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு வாழ உதவலாம், ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கட்டாயப்படுத்தக் கூடாது. தாய் ‘வருவான்’ என்றால் நீங்கள் ‘வர மாட்டான்’ என்று திருத்த வேண்டாம்.

குழந்தையிடம் எப்படிச் சொல்வது?

‘தாத்தா தூங்குறார்’ வேண்டாம், அப்புறம் அந்தக் குழந்தை தூங்கப் பயப்படும். ‘ஊருக்குப் போயிருக்கார்’ வேண்டாம், காத்திருக்கும். ‘தாத்தா செத்துட்டார். அவர் உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு. இனிமே வர மாட்டார்’ என்று எளிமையாகச் சொல்லுங்கள். சாமிகிட்டப் போயிட்டார் என்பது உங்கள் நம்பிக்கையானால், மேலே சொன்னதற்குப் பிறகு சேர்த்துக்கொள்ளலாம். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சாவு திரும்பி வராதது என்பது இன்னும் பிடிபடாமல் இருக்கலாம். நாளைக்கும் கேட்கும், அதே பதிலைச் சொல்லுங்கள். ‘நான் கெட்ட வார்த்தை சொன்னதாலயா?’ என்று கேட்டால் உடனே, தெளிவாக இல்லை என்று சொல்லுங்கள். கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

தற்கொலையில் இறந்தவரைப் பற்றிப் பேசலாமா?

பேசலாம். ‘ஹார்ட் அட்டாக்’ என்று வெளியில் சொல்லிவிட்டு உள்ளே ஆளுக்கொரு மூலையில் உட்காருகிற வீடுகளில், ஒருவர் துக்கத்தை மற்றவர் தொடவே முடியாமல் போகிறது. ஊருக்குச் சொல்வது உங்கள் விருப்பம். வீட்டுக்குள் உண்மை இருக்கட்டும். எப்படிச் செய்துகொண்டார் என்ற விவரத்தைவிட, எப்படி வாழ்ந்தார் என்பதைப் பேசுங்கள்.

எப்போது மருத்துவரைப் பார்க்க வேண்டும்?

2022-ல் நடைமுறைக்கு வந்த, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலின் பதினோராம் பதிப்பு, ஆறு மாதத்துக்கு மேலாகவும் அந்தச் சமூகத்தின் வழக்கத்தை மீறியும் அன்றாட வாழ்க்கையை முடக்கும் துக்கத்தைத் தனி நோயாக ஏற்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் பெரியவர்களுக்குப் பன்னிரண்டு மாதம் என்கிறது. காலண்டரை மட்டும் பார்க்க வேண்டாம். எழுந்து குளிக்கவே முடியவில்லை, அவர் போன பிறகு தனக்கு எதுவுமே இல்லை என்கிறார், குடி ஏறிக்கொண்டே போகிறது என்றால் மாதக் கணக்கு பார்க்காமல் போங்கள். ‘நானும் அவர்கிட்டயே போயிடறேன்’ என்ற பேச்சு வந்தால், சாகணும்னு தோணுதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் தனியாக விடாதீர்கள். இந்தியாவில் 14416, இலங்கையில் 1926, இரண்டுமே இரவும் பகலும் எடுக்கப்படும் அரசு மனநல உதவி எண்கள். 14416-ல் தமிழிலேயே பேசலாம். உங்களுக்காக மட்டுமின்றி, உங்கள் வீட்டில் ஒருவருக்காகவும் நீங்கள் அழைத்துக் கேட்கலாம்.